பந்து தோளுக்கு எழும்பும்போது

தென்னாற்காடு மாவட்டம் முழுக்க வலைபோட்டுத் தேடினாலும், டென்னிஸ் ஆடத் தெரிந்த உடற்பயிற்சி ஆசிரியை லூர்துமேரி ஒருத்திதான். கோலியனூர்ப் பக்கம் களை பறித்துக் கூலி வாங்கிய தாய்க்குப் பிறந்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரிக்குப் படிக்கப் போன இடத்தில் அந்த ஆட்டம் கையில் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழக அணிக்கு இரண்டு வருஷம் ஆடினாள். பிறகு விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து வந்துவிட்டாள். அதனால் மெட்ராஸ் விளையாட்டு விடுதிக்கு மாவட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையை அனுப்ப வேண்டுமென்றால், மாவட்ட டென்னிஸ் சங்கச் செயலாளர் கோதண்டபாணி படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம்தான் வருவார்.

அந்தப் படிவத்தில் ஏழாவதாக ஒரு கேள்வி உண்டு. ‘இந்த ஆட்டக்காரர் பத்து ஆண்டுகளில் எந்த நிலையை அடைவார்?’

இதுவரை மூன்று பெண்களுக்கு அந்தக் கேள்வியை நிரப்பிக் கொடுத்திருந்தாள். மூன்று பேருக்கும் ‘மாநில அளவுக்கும் மேல்’ என்றே எழுதினாள். மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருத்தி வீட்டு ஏக்கம் தாளாமல் ஆறே மாதத்தில். இன்னொருத்தி, கூட ஆடியவர்கள் எல்லாம் அவளைவிட உயரமாக வளர்ந்துவிட்டதால். மூன்றாவது சவுரியம்மாள். அவள் பதினேழு வயதில் வலது தோள் பழுதாகி வந்தாள். கடைவீதியில் தற்செயலாக எதிர்ப்பட்டால், லூர்துமேரிக்கு முதலில் அந்தத் தோளில்தான் கண் போகும்.

எண்பத்து மூன்றில் கோதண்டபாணி வந்தபோது அவர் முகமே மலர்ந்திருந்தது. “இந்த வாட்டி தேடவே வேணாம் டீச்சர். திண்டிவனத்துல நயினார் பொண்ணு ஒண்ணு இருக்குது. ரத்னமாலா. பன்னெண்டு வயசுதான். எதிர்ல நிக்கிற பசங்களே கதிகலங்கிப் போறானுங்க. ஒருதபா வந்து பாத்துட்டு கையெழுத்துப் போட்டா போதும்.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். திண்டிவனத்தில் மனமகிழ் மன்றத்தின் பின்பக்கம் ஒரு மைதானம், சாணம் கரைத்து மெழுகி வழுவழுவென்று வைத்திருந்தார்கள். கடலூர்ப் பெண் ஒருத்தியோடு ஆட்டம். ஆறு-பூஜ்யம், ஆறு-ஒன்று. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டி ஓயவில்லை.

ரத்னமாலா நெடுநெடுவென்று இருந்தாள். கடலூர்ப் பெண் அவள் தோளுக்குத்தான் வந்தாள். மெழுகிய தரையில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதை இடுப்பு உயரத்தில் வாங்கி, தட்டையாக, பளீரென்று வலதுபக்கம் விளாசுவாள். அவ்வளவுதான். வேறெதுவும் தேவைப்படவில்லை. லூர்துமேரி மடியிலிருந்த நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. ‘உயரம் இப்போது அவளுடையது. நாளைக்கு எல்லாரும் வளருவார்கள். அப்போது?’ என்ற யோசனையே ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் புஷ்பதந்தன் வந்து கும்பிட்டார். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் ஜைனர்; அந்தப் பக்கம் ஜைனர்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, அமைதியான பேச்சு.

“எப்படிங்க டீச்சர், தேறுவாளா?”

“நல்லா ஆடுதுங்க நயினாரே. ஆனா இன்னும் நான் பாக்கல.”

“பாக்கலையா? இவ்ளோ நேரம் இங்கதானே உக்காந்திருந்தீங்க?”

“ஜெயிக்கிறதைப் பாத்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை விழுப்புரம் கூட்டிக்கினு வாங்க. அங்க சிமெண்டு கோர்ட்டு இருக்குது.”

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினார். பொழுது சாயப்போகிறது, அதற்குள் மகள் சாப்பிட்டாக வேண்டும் என்று அவசரமாக வீட்டுக்கு அழைத்துப் போனார். இருட்டிய பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. விடுதியில் பயிற்சி முடியவே ஏழு மணி ஆகும் என்பது லூர்துமேரிக்கு ஞாபகம் வந்தது. முட்டையும் கறியும் தின்றுவிட்டு வரும் பெண்களோடு இந்தப் பிள்ளை எப்படித் தாக்குப்பிடிக்கும்? மறுப்பதற்கு இது ஒன்றே போதும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். உடனே, இப்படிச் சுலபமாகக் காரணம் தேடுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் சவுரியம்மாளைத் தேடிப் போனாள். அவள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து மெஷின்கள் படபடக்கும் சத்தத்தில், வெளியே வாசலுக்கு வந்துதான் பேச முடிந்தது.

“சவுரி, ஒரு பொண்ணு கூட நீ ஆடணும்.”

“என்னா மிஸ், விளையாடுறீங்களா? பேட்ட தொட்டே மூணு வருசம் ஆவுது. கை தலைக்கு மேல போவாதே.”

“கீழயே சர்வ் போடு. உன் கை எனக்கு வேணாம். உன் மண்டை வேணும்.”

சவுரியம்மாள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வெகுநாளாக வைத்திருந்ததைப் போல ஒன்று கேட்டாள். “என்னை அனுப்புனப்ப இன்னா பாத்தீங்க மிஸ்?”

உள்ளே யாரோ மெஷினில் வரி முடிக்க, மணி அடித்தது.

“நீ ஜெயிச்சிக்கினே இருந்தே. அத மட்டும்தான் பாத்தேன்.”

“அங்க போனா எல்லாருமே ஜெயிச்சிட்டு வந்தவங்கதான் மிஸ்” என்றாள் சவுரியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. “சர்வ் வேகம் பத்தலன்னு தினம் இருநூறு போடச் சொன்னாங்க. வலிக்குதுன்னா சோம்பேறின்னாங்க. பதினாலு வயசுல நான் என்னா கண்டேன்?” உள்ளே போகத் திரும்பியவள் வாசற்படியில் நின்று கேட்டாள். “ஞாயித்துக்கிழமை எத்தினி மணிக்கு வரணும்?”

ரயில்வே காலனிக் கோர்ட்டில் காலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அன்றைக்கு வெயில் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது. புஷ்பதந்தனும் கோதண்டபாணியும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லூர்துமேரி வலைக் கம்பத்தின் பக்கம் நின்றுகொண்டாள்.

சவுரியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்ததைப் பார்த்து ரத்னமாலாவுக்கே சிரிப்பு வந்தது. கீழிருந்து பந்தைப் போட்டபோது கோதண்டபாணி வாய்விட்டே சிரித்துவிட்டார். ஆனால் முதல் கேம் முடிவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. சவுரியம்மாள் பந்தை உயரமாக, சுழற்றி, திரும்பத் திரும்ப அந்தப் பெண்ணின் இடதுபக்கமே போட்டாள். சிமெண்டுத் தரையில் விழுந்த பந்து தோளுக்கு மேல் எழும்பியது. இடுப்பு உயரத்தில் அடித்தே பழகியவள் எம்பி எம்பித் தொட்டாள். ஒன்று வலையில் விழுந்தது, ஒன்று மரத்தடிக்குப் போனது. பலமாக அடித்துப் பார்த்தாள். இன்னும் தூரம் போய் விழுந்தது. ஆறு-பூஜ்யம்.

புஷ்பதந்தன் எழுந்து வந்தார். “போதும் டீச்சர். புள்ள முகத்தைப் பாருங்க.”

“கொஞ்சம் இருங்க. அவ நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்துவோம்.”

ரத்னமாலா நிறுத்தச் சொல்லவில்லை. அழவும் இல்லை. கோட்டுக்கு வெளியே போய் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, பந்து விழுந்த அடையாளங்களைத் தரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது செட்டிலும் முதல் இரண்டு கேம்கள் போயின. மூன்றாவதில் கோட்டைத் தாண்டி நான்கடி முன்னால் வந்து நின்றாள். முதல் பந்து காலடியில் விழுந்து அவளைத் தாண்டிப் போனது. இரண்டாவதையும் தவறவிட்டாள். மூன்றாவது பந்து தரையில் பட்டு எழும்பத் தொடங்கும்போதே, அது தோளுக்கு வருவதற்கு முன்பே, குட்டையாக வெட்டினாற்போல் இடதுபக்கம் தட்டிவிட்டாள். சவுரியம்மாள் அசையக்கூட இல்லை. அவள்கூட அந்த அடியை எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் பாதிக்குமேல் பிசகியது. ஆனாலும் பின்னால் போகவில்லை. எங்கே நின்றால் எவ்வளவு எழும்பும் என்று ஒவ்வொரு பந்துக்கும் அரை அடி மாற்றி மாற்றி நின்று பார்த்தாள். ஆறு-மூன்று என்று தோற்றாள்.

கோதண்டபாணி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “கை ஒடிஞ்ச பொண்ணுகிட்ட தோத்துப்புட்டாளே. பேஜாரா போச்சு டீச்சர்.”

லூர்துமேரி நேரே ரத்னமாலாவிடம் போனாள். “முன்னால வந்து அடிச்சியே, யார் சொல்லிக்குடுத்தாங்க?”

“யாரும் சொல்லல. பந்து மேல வந்தா அந்த அக்கா ஜெயிக்கிறாங்க. அதான் மேல வர்றதுக்குள்ள போயிட்டேன்.” மூச்சு வாங்க மட்டையைத் துடைத்தாள். “ஒரே மாதிரி எத்தினி வாட்டி தோக்கறது? சலிச்சுப்போச்சு.”

லூர்துமேரி பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். தோற்றால் அழுகிறவர்களையும், மட்டையை வீசுகிறவர்களையும், தரை சரியில்லை என்கிறவர்களையும் பார்த்திருக்கிறாள். தோல்வி சலித்துப்போய் வேறு வழி தேடிய பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். ஏழாவது கேள்விக்கு எதிரே, ‘சொல்ல முடியாது. சொல்லிக்கொடுக்காததையும் தானே கற்றுக்கொள்கிறாள்’ என்று எழுதினாள். கீழே இன்னொரு வரியும் சேர்த்தாள்: ‘இப்போது அனுப்ப வேண்டாம். வளர்ச்சி முடியட்டும்.’

அதைப் படித்ததும் புஷ்பதந்தனின் அமைதி கலைந்துவிட்டது. “இவ்ளோ எழுதிட்டு வேணாங்கறீங்களே, ஏன்? முட்டை சாப்புடமாட்டா, பொழுது போனா சாப்புடமாட்டா, அதுதானே? நேரா சொல்லிடுங்க.”

“அதுவும் நெனச்சேன், பொய் சொல்லமாட்டேன். ஆனா அது காரணம் இல்லிங்க. ஒரே வருசத்துல அஞ்சு அங்குலம் வளந்திருக்குது. எலும்பு இன்னும் பிஞ்சு. அங்க போனா நாளைக்கே சர்வ் போடு சர்வ் போடுன்னுவாங்க.”

“அவங்களுக்குத் தெரியாததா?”

சவுரியம்மாள் முன்னால் வந்து வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. “இதுக்கு மேல போவாதுங்க. தலை பின்னிவிடுறதுகூட எங்கம்மாதான்.”

புஷ்பதந்தன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கும்பிடவும் மறந்து, ரயிலடிப் பக்கம் நடந்தார். அந்த வருஷம் இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. கைக்கு வந்த பெருமையைக் கெடுத்துவிட்டாள் என்று சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். லூர்துமேரிக்கும் பல நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ‘மூணு பேர அனுப்பித் தப்பு பண்ணேன். இப்ப அனுப்பாம தப்பு பண்ணிட்டேனா?’

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பாசஞ்சர் ரயிலில் ரத்னமாலா தன் தாயார் சந்திரவதியோடு வந்து இறங்கினாள். கையில் தூக்குவாளி, தோளில் மட்டை. “அந்த அக்கா கூட இன்னொரு வாட்டி ஆடணுமாம். வீட்டுல பிடுங்கி எடுக்கறா” என்றாள் சந்திரவதி. “அவங்கப்பா வரமாட்டேன்னுட்டாரு. ஆனா வேணாங்கவும் இல்ல.”

அன்றிலிருந்து மழை நாள் தவிர ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. சவுரியம்மாள் முதலில் அலுத்துக்கொண்டாள். பிறகு சனிக்கிழமையே, நாளைக்கு அவளை எப்படி மாட்டவைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். எட்டு மாதம் அவளே ஜெயித்தாள். ஒன்பதாவது மாதம் தோற்ற அன்று, இன்ஸ்டிடியூட்டில் இருந்த எல்லாருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தாள். வயதுக்கேற்ப மற்றப் பெண்களும் வளர்ந்தார்கள். ரத்னமாலாவின் உயரம் பெரிதாகத் தெரியாமல் போயிற்று. மாவட்டப் போட்டியிலேயே இரண்டு முறை தோற்றாள். கோதண்டபாணி, “அப்பவே அனுப்பியிருக்கணும்” என்று சொல்லிக்காட்டினார். லூர்துமேரியோ, தோற்ற மறு வாரம் ரத்னமாலா என்ன மாற்றிக்கொண்டு வருகிறாள் என்பதை மட்டும் பார்த்தாள்.

எண்பத்தாறில், ரத்னமாலாவுக்குப் பதினைந்து வயதானபோது, லூர்துமேரியே படிவம் வாங்கி நிரப்பி அவளை விடுதிக்கு அனுப்பினாள். அந்தப் படிவத்தோடு தனிக் கடிதம் ஒன்றும் வைத்தாள். சர்வ் எண்ணிக்கையும் சாப்பாட்டு நேரமும் அதில் விவரமாக இருந்தன. அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வழியனுப்ப புஷ்பதந்தனும் வந்திருந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு, “சாப்டீங்களா டீச்சர்?” என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. லூர்துமேரிக்கு அது போதுமானதாக இருந்தது.

ரத்னமாலா மாநில அணியில் ஆடினாள். எண்பத்தொன்பதில் தேசியப் போட்டியில் கால் இறுதிவரை போய், டெல்லிப் பெண் ஒருத்தியிடம் தோற்றாள். செய்தித்தாளில் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி வந்தது. விடுமுறைக்கு வந்தபோது விழுப்புரத்தில் இறங்கி, லூர்துமேரி வீட்டுக்கு வந்தாள். சவுரியம்மாளும் இருந்தாள். கேப்பை அடையைப் பிட்டுக்கொண்டே, தோற்ற ஆட்டத்தை அவர்கள் இருவருக்கும் பந்து பந்தாகச் சொன்னாள்.

“அவ இடதுகைக்காரி மிஸ். சர்வ் வெளிய ஓடுது. நான் முன்னால போனாலும் எட்டல, பின்னால போனாலும் எட்டல.”

“அப்ப இன்னா பண்ணப்போற?” என்றாள் சவுரியம்மாள்.

“தெரியலக்கா. தேடிக்கினு இருக்கேன்.”

சவுரியம்மாள் உடனே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தரையில் விரலால் கோர்ட்டு வரைந்தாள். “எங்க நின்னே? காட்டு” என்றாள். இருவரும் குனிந்துகொண்டார்கள். லூர்துமேரி இன்னும் இரண்டு அடை தட்டிப்போட அடுப்படிக்கு எழுந்து போனாள்.