காது சோதிக்கும் நாற்காலி

ஒன்றாம் வகுப்பில் ஒரு தடவை, மூன்றாம் வகுப்பில் ஒரு தடவை பள்ளிப் பிள்ளைகளின் காதைச் சோதிக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். எங்கள் பள்ளியில் அதைச் செய்யும் நர்ஸ் நான்தான். பிள்ளைக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, பின்னால் மேஜையில் உட்கார்ந்து மெஷினின் பொத்தானை அமுக்குவேன். 'பீப்' கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் 'தேறியது' என்று முத்திரை. தூக்காவிட்டால் பெற்றோருக்குக் கடிதம், பிறகு காது டாக்டர். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். பள்ளியே 'வாலு' என்று கூப்பிட்ட பயல். பத்துத் தடவை அமுக்கினேன், பத்துத் தடவையும் கை தூக்கினான். "உனக்குப் பாம்புக் காதுடா" என்று தலையில் செல்லமாகக் குட்டிவிட்டு முத்திரை குத்தினேன். அடுத்த வருடம், பள்ளி வாசலில் பின்னோக்கி வந்த வேனின் ஹாரன் அவனுக்குக் கேட்கவில்லை. வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்தியதும் கேட்கவில்லை.

அவன் சாவை விசாரிக்க வந்த அதிகாரிகள் படிவத்தைப் பார்த்தார்கள். முத்திரை இருந்தது, தேதி இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. சட்டப்படி எல்லாம் சரி என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இல்லை, என் மேல்.

அன்று சாயங்காலம் அவன் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடியில் பின்னால் இருந்த மேஜை, மெஷின், பொத்தான் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பயல் எதையும் கேட்கவே இல்லை. என் விரலைப் பார்த்துத்தான் கையைத் தூக்கியிருக்கிறான்.

கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, அவன் அம்மாவிடம்கூட. அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. ஒட்டிய பிறகும், அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் காகிதத்துக்குள் ஒரு சின்னக் கை மேலே போவது போல இருக்கும்.

இந்த வருடம் அவன் தங்கை ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள்.

"பயப்படாதே கண்ணு. சத்தம் கேட்டா கையைத் தூக்கணும், அவ்வளவுதான்."

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தாள். இவள் தேறிவிட்டால் மூன்றாம் வகுப்பு வரை இவள் காதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. அதே வாசல், அதே வேன்கள்.

நாற்காலியை வெறும் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். பொத்தானை அமுக்கினேன். கை உயர்ந்தது. சத்தத்தைக் குறைத்து அமுக்கினேன், உயர்ந்தது. வேண்டுமென்றே ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். கை மடியிலேயே கிடந்தது. நிம்மதியாக முத்திரையை எடுத்திருக்கலாம், மனசு ஒப்பவில்லை. ஹெட்போன் வயரை மெஷினிலிருந்து பிடுங்கிவிட்டு அமுக்கினேன்.

கை உயர்ந்தது.

அவள் முன்னால் போய் மண்டியிட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

"சத்தம் கேட்டுச்சாம்மா?"

"அண்ணன் தோள்ல தட்டுவான் மிஸ். தட்டினா தூக்கணும்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு ஒரே அண்ணன்தானே! இதுல தோத்தா வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம். அவன்தான் சொன்னான்."

அவள் தோளுக்குப் பின்னால் என் மேஜை மட்டும்தான் இருந்தது. ஹெட்போனைத் திரும்ப மாட்டி, வயரைச் சொருகி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

"டேய் வாலு, அன்னைக்கு நான் கவனிக்காம விட்டுட்டேன்டா. தப்பு என்னோடதுதான். உன்னை எங்கேயும் அனுப்பியிருக்க மாட்டேன், டாக்டர்கிட்டதான் காட்டியிருப்பேன். இவளுக்காவது அதைச் செய்ய விடு. தட்டாதேடா, தங்கம்."

அழுதுகொண்டே சத்தமாகத்தான் சொன்னேன். அவள் திரும்பவே இல்லை.

பொத்தானை அமுக்கினேன். கை மடியில் கிடந்தது. சத்தத்தைக் கூட்டினேன். கூட்டிக்கொண்டே போனேன். ஹெட்போனைத் தாண்டி 'பீப்' என் காதிலேயே விழுந்தது. கை அசையவில்லை. படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், எப்ப ஆரம்பிப்பீங்க?"