பாலத்தில் ஒரு திராவோரே

ரேடியோவில் யாரும் யாரையும் நலம் விசாரிக்கக் கூடாது என்று எங்கள் தூதரகத்தில் ஒரு விதி. போட்டவர் பாதுகாப்பு அதிகாரி மிஸ்யே ஹென்ரிக். எங்கள் தலைநகர் பமாக்கோவில் வந்திறங்கி ஒரு மழைக்காலத்தைக்கூடப் பார்க்காத மனிதர். இந்த ஊரில் ஒரு வாய் தண்ணீர் கேட்பதென்றாலும் வீட்டில் சுகமா, அம்மா சுகமா, ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்போம். அதைப் போய் நிறுத்து என்றால்? ரேடியோ அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் நான், நியெலே ஜாரா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நலம் விசாரிப்பாவது போகட்டும். எனக்கும் டிரைவர் சுமானாவுக்கும் இருந்த வழக்கம்தான் அவரைக் கொதிக்க வைத்தது. நான் ஜாரா குலம், சுமானா திராவோரே குலம். இரண்டும் முப்பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம், அடிமை என்று கூப்பிடலாம். திட்டு வாங்கியவர் கோபப்படக் கூடாது, கேட்டதை இல்லை என்றும் சொல்லக் கூடாது. வசவுகளில் பெரிய வசவு ‘காராமணி தின்னி’.

“கூடு, கூடு, குருவி நாலு பேசறேன். என் அடிமை சாப்பிட்டாளா?” என்பான் சுமானா. கூடு என்றால் என் அறை, குருவி நாலு அவன் வண்டி. எல்லாம் ஹென்ரிக் வைத்த பெயர்கள்.

“வண்டிக்குள்ள காராமணி வாடை தாங்கலைன்னு புகார் வந்திருக்கு. கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டுடா” என்பேன் நான்.

ஹென்ரிக் இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாவது தடவை வேலை போகும் என்றார். புருஷன் இல்லாத வீட்டுக்கு என் சம்பளம்தான் சோறு. வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் ரேடியோவும் செத்த வீடு மாதிரி ஆயிற்று.

அது வடக்கே போர் நடந்துகொண்டிருந்த வருஷம். காவோ நகரம் கையைவிட்டுப் போயிருந்தது. தலைநகரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு ராணுவத்துக்குள்ளேயே இரண்டு கட்சியாகி, ஒரு நாள் மத்தியானம் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக் கூலிப்படை ஊருக்குள் புகுந்துவிட்டது என்று புரளி வேறு. எங்கள் கட்டடத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தூதரக அதிகாரிகளின் குழந்தைகளை, ஊர் நிலைமை சரியில்லை என்று காலையிலேயே கொண்டுவந்து சேர்த்தாயிற்று. என் மகள் தெனிம்பா மட்டும் ஆற்றுக்கு அக்கரையில், பள்ளிக்கூடத்தில். ஒன்பது வயது.

“உள்ளூர் ஊழியர் குடும்பத்துக்கு வண்டி அனுப்ப எனக்கு அனுமதியில்லை, நியெலே” என்றார் ஹென்ரிக். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் ரேடியோ பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அப்போதுதான் ரேடியோ கரகரத்தது. அக்கரையில் ஓர் அதிகாரியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான் சுமானா.

“கூடு, குருவி நாலு. வர்ற வழியில ஒரு சின்ன மூட்டைய ஏத்திட்டேன். உன்னோடதுதான். பாலத்துக்கு வந்துட்டிருக்கேன்.”

பின்னால் தெனிம்பாவின் இருமல் கேட்டது. அவளுக்கு ஒரு வாரமாகச் சளி. ஐயோ, அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஹென்ரிக்குக்கும் புரிந்திருக்கும். ஆனால் எதுவும் கேட்கவில்லை.

பிறகு சத்தமே இல்லை. குருவி நாலு, குருவி நாலு என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொத்தான் அழுத்தும் ஓசை வந்தது. பேசியது சுமானா இல்லை.

“யாரு அந்தப் பக்கம்? பேரச் சொல்லு.” இளம் குரல். நாள் பூராவும் கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். எங்கள் பம்பாரா மொழியைக் கொஞ்சம் இழுத்துப் பேசினான். இருந்த பயத்தில் அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை.

ஹென்ரிக் என் தோளைத் தொட்டு, பெயர் சொல்லாதே, விதிப்படி பேசு என்று சைகை காட்டினார். சொன்னபடி செய்தேன். பிரெஞ்சில், “கூடு பேசுகிறது. உங்களிடம் இருப்பது குருவி நாலு, தூதரக வண்டி” என்றேன்.

“கூடா? குருவியா?” அவன் குரல் ஏறியது. “எங்க ரேடியோவுலயும் கேட்டுச்சு, மூட்டைன்னு ஏதோ சொன்னானே, எங்கடா மூட்டை? டேய், இவன கீழ இறக்குங்கடா. மண்டி போடச் சொல்லு. கூலிப்படைக்கு வழி காட்டறானுங்க.”

கதவு அறையும் சத்தம். சுமானா ஏதோ சொல்லப் பார்த்தான், அடி விழுந்தது. துப்பாக்கியை இழுத்துத் தயார் செய்யும் ஓசை. அதற்கு மேல் “சுமானா மாமா, சுமானா மாமா” என்று என் மகள் வீறிட்டாள்.

ஹென்ரிக் போட்ட விதிதான் சுமானாவை அங்கே மண்டி போட வைத்திருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. நாசமாய்ப் போகட்டும் கூடும் குருவியும் என்று பம்பாராவுக்கு மாறினேன்.

“தம்பி, சாயங்கால வணக்கம். வீட்டுல எல்லாரும் சுகமா?”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

“அம்மா சுகமா? கூடப்பொறந்தவங்க சுகமா? நான் செகூ ஊர் ஜாரா வீட்டுப் பொண்ணு, நியெலே. உன் குலப்பேரு என்னப்பா?”

“கேள்வி கேக்கறது நான்.”

“அப்ப நானே சொல்றேன். நீ திராவோரே. பெரியவங்க வணக்கம் சொன்னா பதில் சொல்லத் தெரியாத ஜென்மம் இந்த நாட்டுல அது ஒண்ணுதான். காராமணி தின்னி. காலையில வெறும் வயித்துல ஒரு சட்டி முழுங்கிட்டு வந்தியா? அதான் மூளைக்கு ஏறிடுச்சு.”

ஹென்ரிக் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பட்டாளத்தில் நாலுக்கு ஒருவன் திராவோரே என்பதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம். திராவோரே இல்லையென்றால் துப்பாக்கி வைத்திருப்பவனைத் திட்டியிருக்கிறேன், என் மகளை அவன் முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு.

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

“ஜாராக்காரி” என்றது குரல், மெதுவாக. “அடிமைகிட்ட ரேடியோ குடுத்தது யாரு?”

அவனைச் சுற்றி நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கெட்டது காரியம்.

“உங்க தாத்தன் குடுத்துட்டுப் போனான், காராமணி கடனுக்குப் பதிலா. அந்த வண்டியில இருக்கறவனும் உன்ன மாதிரி தின்னிதான். மூட்டைன்னு அவன் சொன்னது என் பொண்ண. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதாம்ப்பா. அனுப்பிடு. கேட்டா இல்லைன்னு சொல்ல உனக்கு உரிமை கிடையாது.”

“கிடையாதுதான்” என்றான். பிறகு, “எனக்கு ஒரு சட்டி காராமணி வரணும்க்கா. எண்ணெய் நல்லா ஊத்தி” என்றான்.

“அவனிடம் என்ன சொன்னாய்?” என்று ஹென்ரிக் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

“பயறு தின்னின்னு திட்டினேன், மிஸ்யே.”

“சுட்டுவிடுவானே.”

“சிரிக்கிறான், கேளுங்க” என்று ஒலியைக் கூட்டிவைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், வண்டி வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

வண்டி வந்தது. ஓடிப்போய் தெனிம்பாவை அள்ளினேன். உதடு கிழிந்திருந்த சுமானா, “என் அடிமை இன்னிக்கு நல்லா வேலை செஞ்சா” என்றான். அவன் முதுகில் நாலு போட்டுவிட்டு அவனையும் கட்டிக்கொண்டு அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

“திராவோரேயா இருந்தானே, என் அதிர்ஷ்டம்” என்றேன்.

தெனிம்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இல்லம்மா. அந்த மாமா சட்டையில மைகான்னு எழுதியிருந்துச்சு” என்றாள்.

சுமானாவைப் பார்த்தேன். “ஆமா, நானும் படிச்சேன்” என்றான். “வடக்கத்திப் பையன். நீ திராவோரேன்னு சொன்னதும் அவன் ஆளுங்க எல்லாரும் அவன் மூஞ்சியப் பார்த்தானுங்க. அவன் துப்பாக்கிய இறக்கிட்டுத்தான் பதில் சொன்னான்.”

மைகா குலத்தோடு எங்களுக்கு எந்தக் கேலி முறையும் இல்லை. அவன் சிரித்திருக்க வேண்டியதில்லை. சுட்டிருந்தாலும் யாரும் அவனைக் கேட்டிருக்கப் போவதில்லை.

சுடுவது ஓய்ந்த மறுநாளே, எண்ணெய் மிதக்க ஒரு சட்டி காராமணியோடு சுமானாவும் நானும் பாலத்துக்குப் போனோம். மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. நான் அவன் சட்டையிலிருந்த பெயர்ப் பட்டியைப் படித்துவிட்டு, சட்டியை நீட்டினேன்.

“சாப்பிடுப்பா மைகா. அன்னிக்கு வாய் தவறித் திட்டிட்டேன், மனசுல வச்சுக்காத.”

அவன் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“திராவோரேன்னே கூப்பிடுக்கா” என்றான். “மைகா வீடு காவோவுல இருக்கு. அம்மா, தங்கச்சிங்க எல்லாம் அங்கதான். உயிரோட இருக்காங்களான்னு தெரியல. இந்தப் பக்கம் வந்ததுலேர்ந்து, வீட்டுல எல்லாரும் சுகமான்னு என்னக் கேட்டது நீ ஒருத்திதான்.”