கிழிக்காத மேல்சீட்டு

"அப்புறம் என்னடா? பரீட்சைக்கு ஆள் வெச்ச மாதிரி, உன் அப்பனைத் தூக்கறதுக்கும் ஆள் வெச்சிருக்கியா?"

கேட்டு முடிப்பதற்குள் சித்தப்பா வீசிய பிளாஸ்டிக் நாற்காலி தம்பியின் தோளில் இறங்கியது. முறிந்த கால் ஒன்று அப்பா கிடந்த கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

காலையில்தான் கடிதம் வந்திருந்தது. மருந்தளவுத் தேர்வை வேறொருவனை வைத்து எழுதியதற்காக நர்சிங் படிப்பிலிருந்து நிரந்தர நீக்கம். அப்பா பெல்ட்டை உருவிக்கொண்டு மொட்டை மாடிவரை துரத்தினார். எட்டு அடி விழுந்தது. ஒன்பதாவதுக்குக் கை ஓங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிகளில் உருண்டார். உயிர் அங்கேயே போய்விட்டது.

"விடாதீங்க! என் மனுஷனை முழுங்கிட்டான்!" என்று அம்மா கத்தினாள்.

அக்கா சமையலறை வாசலிலேயே நின்றாள். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவளுக்கு வேலை. யாருடைய தாள் என்று திருத்துபவருக்குத் தெரியாதபடி விடைத்தாளில் டம்மி நம்பர் போட்டு, பதிவெண் உள்ள மேல்சீட்டைக் கிழித்தெடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் தம்பியின் பதிவெண் உள்ள தாள் கைக்கு வந்தது. தம்பியின் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ முத்து முத்தான எழுத்து. கிழித்திருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. நாளைக்கு இவன் யாருக்கோ ஊசி போடுவானே என்று கை நின்றுவிட்டது. அப்படியே கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தாள்.

சித்தப்பா தம்பியின் விலாவில் மிதித்தார். மளுக்கென்றது. தம்பி ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

"எந்தப் புண்ணியவான்டா போட்டுக் குடுத்தது? அவனையும் சேத்துப் பொளக்கணும்!"

"நான்தான்" என்றாள் அக்கா.

அம்மா எழுந்து வந்தாள். முதல் அறையில் அக்காவுக்குக் காது அடைத்தது. அடுத்து, தலைமுடி அம்மாவின் கையில். நெற்றி கதவு நிலையில்.

"கூடப் பொறந்தவளாடி நீ?"

தம்பி தவழ்ந்து வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். "அவளை விடும்மா. எனக்கு லெட்டர் வந்தப்பவே தெரியும்."

"என்னடா தெரியும்?"

"அந்த ஆபீஸ்ல என் கிறுக்கல் தெரிஞ்சவ வேற யாரு இருக்கா?"

வாசலில் அமரர் ஊர்தி ஓட்டுநர் செருமினார். "ரெண்டு மாடி இறங்கணும். நாலு பேர் புடிங்க."

தலைமாட்டில் சித்தப்பாவும் ஓட்டுநரும். கால்மாட்டில் அக்காவும் தம்பியும். குனிந்தபோது தம்பியின் வாயிலிருந்து அப்பாமேல் போர்த்திய வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அவள் கட்டைவிரலால் துடைக்கப் பார்த்தாள். பரவிவிட்டது.

"அக்கா," என்றான், மூச்சு வாங்க. "ஆபீஸ்ல குடுக்காம, படிப்பை நிறுத்தி என்னை ஒரு வருஷம் வீட்டுல உக்கார வெச்சிருந்தா பத்தாதாக்கா?"

அவள் அடுத்த படியைக் காலால் தேடினாள்.

அது போதுமானதாக இருந்திருக்குமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?