பைய எடுத்துட்டுப் போறேன்

லாரி இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் டப்பாவில் நான் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது பச்சைத் தண்ணீர். முந்தின நாள் சாயங்காலம் பொட்டு மட்டத்துக்கு என் கையால் ஊற்றி மூடியை இறுக்கியிருந்தேன். ராத்திரி முழுக்க வண்டி வல்லக்கோட்டை ரோடு யார்டில் சும்மா நின்றது. சும்மா நின்ற வண்டியில் தண்ணீர் எப்படிக் குறையும்? காலையில் நான் போனபோது நயினார் ஏற்கெனவே இன்ஜினை ஓடவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"குறைஞ்சிருக்கே, இன்னாத்துக்கு?" என்றேன்.

"தெரியலையே யக்கா" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

நயினார் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தீபாவளி கழிந்துதான் என்னிடம் டிரைவராகச் சேர்ந்தான். வண்டி என் வீட்டுக்காரர் திருமலை ஓட்டிக்கொண்டிருந்த பழைய லாரி. சர்க்கரை அவர் கண்ணைக் கெடுத்த பிறகு ஸ்டியரிங்கை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, மேற்பார்வையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனிக்கு லோடு அடிக்கிறோம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. காய்கறிக்காரனின் தராசைக்கூட இரண்டு தடவை பார்ப்பேன்.

அந்த வாரம் நான் பொட்டு ஒட்டி அளவு பார்த்ததற்குக் காரணம் இருந்தது. கம்பெனியில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில், பளபளவென்று பெயின்ட் அடித்த தரையில், எங்கள் வண்டி பச்சையாக நாலைந்து சொட்டு விட்டிருந்தது. ஆபீஸர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னொரு சொட்டு விழுந்தால் வண்டியின் கேட் பாஸ் ரத்து. அன்றிலிருந்து கேட்டில் எங்கள் வண்டிக்கு மட்டும் தனி மரியாதை. இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துக் காக்கவைத்து, அது காய்ந்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். மத்தியானம், வண்டி ஓடி வந்த சூட்டில், டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "எங்கயும் லீக் இல்லக்கா" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். யார்டின் தரையைப் பார்க்கலாமென்றால் அது ஜல்லியும் கறுப்பு எண்ணெயும் கலந்த குப்பை. அதில் பச்சை எங்கே தெரியப்போகிறது?

லீக் இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் யாரோ எடுக்கிறார்கள். என் புத்தி நேராக அங்கேதான் போனது. வீட்டில் சொன்னேன்.

திருமலை சிரித்தார். "அத எடுத்து இன்னா பண்ணுவான்? ரசம் வைப்பானா?"

"பக்கத்து வண்டிக்காரனுக்கு வித்துருவான். இல்ல, வண்டியக் கெடுத்துட்டு வேற எவனுக்கோ நம்ம ரூட்ட புடிச்சுக் குடுப்பான்."

"கண்ணால காண்பதும் பொய்டி சசி. தீர விசாரி."

அவருக்கென்ன, கண்ணும் தெரியாது, கவலையும் தெரியாது. விசாரிக்கத்தான் அன்று சாயங்காலம் யார்டுக்குப் போனேன். நயினார் லாரியின் அந்தப் பக்கம் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் டயரோடு ஒட்டி நின்றேன். ஒளிந்து கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

"டெய்லி காலைல பைய எடுத்துட்டுப் போறேன். யக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா சோலி முடிஞ்சிது" என்றான்.

பையை எடுத்துக்கொண்டு போகிறானாம்! அதுவும் தினமும்! அவன் தோளில் எப்போதும் ஒரு காக்கிப் பை தொங்கும். சாப்பாட்டுப் பை என்று நினைத்திருந்தேன். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அங்கேயே சட்டையைப் பிடித்தால் மழுப்பிவிடுவான், கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியிலேயே கேட் செக்யூரிட்டி இளம்பரிதிக்கு போன் போட்டேன். எங்கள் ஊர் படப்பைக்காரன்தான், இரண்டு தெரு தள்ளி வீடு. "என் டிரைவர் பையில ஏதோ திருடிக்கினு போறான். நாளைக்கு அவன் பைய நல்லா சோதனை போடு" என்றேன்.

"இன்னாக்கா சொல்ற, திருட்டா?"

"திருட்டுதான். நான் சொல்றேன்ல."

மறுநாள் விடியுமுன்னே முதல் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். மார்கழிப் பனி, எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எங்கடா பை?" என்று கத்தினேன்.

நயினார் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். கையில் ஸ்பேனர். "என்ன பை யக்கா?"

"நடிக்காத. போன்ல சொன்னியே, டெய்லி பைய எடுத்துட்டுப் போறேன், அக்காவுக்குத் தெரியாதுன்னு!"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னான். "யக்கா, எங்க ஊர்ல 'பைய'ன்னா மெதுவான்னு அர்த்தம். பைய நட, பைய பேசுன்னு சொல்லுவோம். வண்டிய மெதுவா எடுத்துட்டுப் போறேன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்."

"மெதுவா எதுக்குப் போவணும்?"

"இங்க பாருங்க."

குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில், தடித்த ரப்பர் ஹோஸ் இன்ஜினில் மாட்டுகிற இடத்தில், பச்சையாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழுந்தது. இன்னொன்று திரண்டது.

ரப்பர் பழசாகிக் கல்லாகிவிட்டது என்றான். பனியில் ஆறினால் சுருங்கி ஒழுகும், சூடேறினால் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். மத்தியானம் வந்த மெக்கானிக்குக் கிடைக்காததும், லோடுக்குக் காத்து நின்று ஆறிப்போன வண்டி லோடிங் பேயில் சொட்டியதும் அதனால்தான். காலையில் சில்லிட்ட இன்ஜினை முறுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் என்று, சூடேறும்வரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"முந்தின டிரைவர ஒழுகலுக்குத்தான வெரட்டுனிய? யார்டுல சொன்னாவ. இன்னைக்கு ஹோஸ் கிளிப்ப இறுக்கிப் பாத்துரலாம்னு வெள்ளனே வந்தேன். ஒழுகல் நிக்க மாட்டேங்கு. ஹோஸையே மாத்தணும்."

அவன் சொன்னது உண்மை. முந்தினவனை ஒரு ஆயில் ஒழுகலுக்காகத்தான் அனுப்பினேன்.

சீட்டுக்குப் பின்னால் திருமலை எப்போதோ வாங்கிப் போட்ட புது ஹோஸும் கிளிப்புகளும் இருந்தன. நான் டார்ச் பிடித்தேன். அவன் ஒரு சட்டியைக் கீழே வைத்து கூலண்டை வடித்தான். பழைய ஹோஸ் ஒட்டிப்போய் வர மறுத்தது. கத்தியால் கீறி உரித்தான். உள்ளே இரும்புக் கழுத்தில் வெள்ளை உப்பு படிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதியதை ஏற்றினான். கிளிப் ஓரத்தில் உட்கார்ந்தால் நழுவுமாம், கழுத்திலிருக்கும் மேட்டுக்கு உள்பக்கம் தள்ளி இறுக்கினான். வடித்ததைத் துணியில் வடிகட்டி, குறைந்ததற்குப் புதிதும் சேர்த்து ஊற்றினோம். மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை காத்திருந்தோம்.

அவ்வளவு நேரமும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கை. ஆனாலும் அவன் தேநீர் வாங்கப் போனபோது அந்தக் காக்கிப் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, ஒரு தைலப் புட்டி. என்ன ஜென்மமோ நான்.

ஒரகடம் கேட்டுக்கு நானும் கூடவே போனேன். இளம்பரிதி இன்ஜினுக்கு அடியில் அட்டையை விரித்தான். வண்டி வரிசையில் நின்று இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு அட்டையை உருவிப் பார்த்தான். ஒரு பொட்டு ஈரமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வண்டி உள்ள போலாம்க்கா" என்றான் இளம்பரிதி. "டிரைவர் போக முடியாது."

"இன்னாடா சொல்ற?"

"நீதானேக்கா திருட்டுன்னு சொன்ன? நைட்டே மேல சொல்லிட்டேன். இவன் போட்டோ இந்த ரோட்டுல எல்லா கம்பெனி கேட்டுக்கும் போயிருச்சு."

"நான் தப்பா கேட்டுட்டேன்டா. இவன் திருடன் இல்ல."

இளம்பரிதி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டான். "அத உள்ள போய் ஆபீஸராண்டதான் சொல்லணும். பொய்ப் புகார் குடுத்த பார்ட்டின்னு உன் வண்டி பாஸையும் புடுங்கிருவாரு. ஏற்கெனவே உன் மேல கடுப்புல கீறாரு. பேசாம வேற டிரைவரப் போட்டுக்கோ. மத்தியானத்துக்குள்ள நானே ஒரு ஆளு தரேன்."

வேறு டிரைவர். எவ்வளவு சுலபம்! ஒழுகலும் நின்றுவிட்டது, பாஸும் பிழைத்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம்தான், ஆனால் திறக்கவில்லை.

நயினார் அதைப் பார்த்துவிட்டான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பையோடு கீழே இறங்கினான். "இந்த ரோட்டுல இனி எந்த கேட்டுலயும் என்னைய விடமாட்டாவளா யக்கா?" என்று மட்டும் கேட்டான்.

இளம்பரிதியிடம் திரும்பி, "ஆபீஸர் ரூம் எங்க?" என்றேன்.

"அக்கா, யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு." நயினாரிடம், "வண்டியில ஏறி உக்காரு. பேசிட்டு வரேன்" என்றேன்.

அவன் ஏறவில்லை. "நானும் வாரேன் யக்கா" என்றான்.

"எதுக்கு? நான் சொல்லிக்கிறேன்."

"என்ன சொல்லுதியன்னு கேக்கணும்லா."

நான் உள்ளே போனேன், அவனுக்குத்தான் அனுமதி இல்லையே. ஆபீஸர் அறையின் ஜன்னல் கேட்டை ஒட்டித்தான் இருந்தது. கம்பி வேலிக்கு வெளியே அந்த ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.