பூட்ஸ் போட்ட சாமி

ஆடி மாதத்து உச்சி வெயிலில் மாரக்காள் வந்து, முனியப்பனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிப்பாயின் முன்னால் கைகூப்பி நின்றாள். வெண்ணந்தூரிலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற மண்சாலை ஓரத்தில் இருந்தது அந்தக் கோயில். கோயில் என்றால் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. முனியப்பன் பாதிப் பனைமர உயரத்துக்கு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்புச் சிப்பாய் வலது கையைத் தூக்கி சலாம் வைத்தபடி நிற்பான். அவனைக் கும்பிட அதுவரை ஒருவரும் வந்ததில்லை. வழி தவறி வந்து நிற்கிறாள் என்றுதான் அவனும் முதலில் நினைத்தான்.

“சாமி, எம்பையன் அங்கமுத்து பட்டாளத்துக்குப் போயிருக்கறானுங்க. முனியப்பன் இந்த எல்லையத் தாண்டாதவரு, அவருக்கு அந்தச் சங்கதியெல்லாம் என்னங்க தெரியும்? நீங்க பூட்ஸ் போட்டவரு. அவன முழுசாக் கொண்டாந்து ஊட்டுல சேத்துட்டீங்கன்னா ஒரு செஞ்சேவல் உங்களுக்குன்னே உடறேனுங்க.”

மகன் விட்டுப்போன துண்டை எடுத்துச் சிப்பாயின் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். பிறகுதான் முனியப்பன் பக்கம் திரும்பி, பேருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

சிப்பாய் பிறந்த கதை பெரிய கதையொன்றும் இல்லை. முனியப்பனைக் கட்டி முடித்தபோது செங்கல்லும் கொஞ்சம் சுண்ணாம்பும் மிஞ்சிப்போயின. சாமிக்கு ஒரு காவல் ஆள் இருக்கட்டும் என்று கொத்தன் அரை நாளில் கட்டிவிட்டுப் போனான். தூக்கிய கை நிற்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி, தோளில் கட்டைத் துப்பாக்கி, மிஞ்சின சாயத்தில் ஒரு சட்டை. ஆனால் சிப்பாய் தன்னைப் பற்றி அப்படி நினைக்கவில்லை. முதலில் எழுந்தவன் தான் என்றும், தனக்கு நிழல் வேண்டி அந்தப் பெரிய ஆளை முதுகுக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்தார்கள் என்றும் நினைத்தான். வெட்ட இழுத்து வருகிற கிடாய்கள் தனக்கு வருகிற கப்பம். பூசாரி காளியப்பன் துவைத்த வேட்டியைத் துப்பாக்கியில் காயப்போட்டால் அது அவன் கொடி. நாய் வந்து பூட்ஸ்மேல் காலைத் தூக்கினால் மட்டும் கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வான். பெரிய மனிதர்கள் எல்லாருமே அப்படித்தான்.

அங்கமுத்து போனதும் ஒன்றும் வீரத்தில் போனதல்ல. அந்த வருசம் கடையில் அரிசி இல்லை, காட்டில் சோளம் இல்லை. துரைமார் சண்டைக்கு ஓமலூர்ச் சந்தையில் தமுக்கடித்து ஆள் எடுத்தார்கள். மூன்று வேளைச் சோறு, உடுப்பு, பூட்ஸ் என்றார்கள். சொன்னவர்கள் யாரும் சண்டைக்குப் போகிற ஆட்களாகத் தெரியவில்லை. பங்குனியில் பையன் சேலத்தில் ரயில் ஏறினான். போனவன் போனவன்தான்.

துண்டு கழுத்துக்கு வந்த மறுநாளே சிப்பாய் கிளம்பிவிட்டான். கடலைக்காட்டுக்கு மேலே கானல் அலையடிக்கிற நேரத்தில்தான் அவனுடைய பயணமெல்லாம். அந்தக் கானல் அவனுக்குச் சமுத்திரம். அதன்மேல் பூட்ஸ் நனையாமல் நடந்தான். எதிரி அவனைப் பார்த்துத் துப்பாக்கியைக் கீழே போட்டான். துரைமார்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அங்கமுத்துவை ஒரு பள்ளத்தில் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டான். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தபோது பூட்ஸ் இரண்டிலும் சேறு அப்பியிருந்தது. நடக்காத காலில் சேறு எப்படி ஒட்டும்? மார்பில் ஒரு விரிசல் கண்டிருந்தது. குண்டு பட்ட இடம் அதுதான் என்று முடிவு செய்துகொண்டான். சலாம் வைத்த கையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிந்தது. அது வாள் என்று அவனுக்குப் பட்டது.

மாரக்காள் களையெடுத்துவிட்டுத் திரும்புகிறபோதெல்லாம் வந்து நிற்பாள். சேவல் கொண்டை விட்டுவிட்டது என்பாள், பக்கத்து வீட்டுச் சேவலைத் துரத்துகிறது என்பாள். தான் கஞ்சி குடிக்காத நாளிலும் அதற்குக் கம்பு போட்டதைச் சொல்லுவாள். பையன் எந்த மட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேட்பாள். ஆத்தைத் தாண்டிவிட்டோம், மலையைத் தாண்டிவிட்டோம் என்று சிப்பாய் சொல்லுவான். அவள் காதில் என்ன விழுந்ததோ, முகம் கொஞ்சம் தெளிந்து போவாள். துப்பாக்கியில் பூசாரி வேட்டி காய்ந்தால் இழுத்துக் கீழே போட்டுவிடுவாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பொம்பளைகள் அவன் காலடியில் அரளிப்பூ வைத்தார்கள். காளியப்பனுக்கு வயிறு எரிந்தது. மிச்சக் கல்லுக்கு வந்த வாழ்வைப் பார் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். முனியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் எதற்கும் ஒன்றும் சொன்னதில்லை.

கார்த்திகையில் மழை விட்டு வெயில் காய்ந்த ஒருநாள் மத்தியானம் கானலுக்குள்ளிருந்து காக்கி உடுப்புப் போட்ட ஓர் ஆள் நடந்து வந்தான். சிப்பாய் அவனைத் தூரத்திலேயே கண்டுகொண்டான். தான் தோளில் தூக்கி வந்து கடலைக்காட்டு மூலையில் இறக்கிவிட்ட பையன்தான் அது, வேறு யாராக இருக்க முடியும்? மார்பு விரிசல் இன்னும் கொஞ்சம் விரிந்தது.

வந்தவன் வேலுமணி. ஆட்டையாம்பட்டிக்காரன், அங்கமுத்துவோடு அதே ரயிலில் போனவன். லீவில் வந்திருந்தான். சாலையில் எதிரே வந்த மாரக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கூட்டாளி எந்த ஊர்ச் சண்டையில இருக்கறான் கண்ணு என்று கேட்டாள். அவன் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“அக்கா, உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?”

சண்டைக்கு எங்கே போனான் அங்கமுத்து. பம்பாய்ப் பக்கம் கூடாரத்தில் கிடந்தபோது வாந்தியும் பேதியும் கண்டு சித்திரையிலேயே போய்விட்டான். கப்பலைக் கண்ணால் பார்க்கவில்லை. அவன் கையில் ஒருநாளும் துப்பாக்கி கொடுக்கவில்லை, அண்டா கழுவத்தான் விட்டிருந்தார்கள். வேலுமணி இதை மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன, ஆடியில் அவள் துண்டைக் கட்டும்போதே கட்டினவளுக்குப் பிள்ளை இல்லை.

மாரக்காள் சாலை நடுவில் அப்படியே மண்ணில் விழுந்தாள். தன் பக்கமாகத் தலை வைத்து விழுந்ததால், நன்றி சொல்லி விழுந்து கும்பிடுகிறாள் என்று சிப்பாய் எடுத்துக்கொண்டான். எழுந்து வந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். மழையில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துவைத்துப் புதுசாக்கித் திருநாளுக்குக் கட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான்.

கருமாதிக்குச் சேவலைப் பிடிக்கிறாள் என்று கேள்விப்பட்டு காளியப்பன் அவள் குடிசைக்கே போய்விட்டான். சிப்பாயைக் கல் என்று சொன்னவன் அவன்தான். ஆனாலும் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட உயிரை வேறு காரியத்துக்கு வெட்டுவது அந்தப் பக்கத்தில் எவனும் செய்யாத காரியம்.

“கோயலுக்குச் சொன்னத ஊட்டுல அறுத்தா குடும்பம் வெளங்காது மாரக்கா. ரோசன பண்ணிக்க.”

அவள் சேவலின் காலைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

“குடும்பத்துல இன்னி யாரு இருக்கறாங்க பூசாரி, வெளங்காமப் போறதுக்கு? எம்பையன் கறி தின்னு ஒரு வருசமாச்சுங்க. அவன் தின்னுட்டுப் போகட்டும்.”

காளியப்பனே அரிவாள்மணையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அன்றைக்குக் காற்று கோயில் பக்கமாக அடித்தது. சேவல் வேகிற வாசனை வந்ததும், தனக்குச் சொன்ன விருந்துதான் அது என்று சிப்பாய்க்குத் தெரிந்துவிட்டது. பறை அடித்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், அவன் குலவை என்று கேட்டுக்கொண்டான். கோயிலுக்கு எதிரே தெரிகிற தன் குடிசைக்கு முன்னால் மாரக்காள் வரப்பில் வாழையிலை போட்டு, சோறும் கறியும் வைத்து, பக்கத்தில் அந்தத் துண்டை மடித்து வைத்திருந்தாள். வைத்த சோற்றைக் காக்கை தொட்டால்தான் போனவன் தின்றதாகக் கணக்கு. காக்கை வரவில்லை. இருந்த ஒரே காக்கை கோயிலில், சிப்பாயின் கைக்கம்பியில் உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது.

அத்தனை பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். கையைத் தூக்கி, கா, கா என்று கூப்பிட்டார்கள். மாரக்காளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, கிழிந்துபோன குரலாகக் கேட்டது. வா சாமி, வந்து தின்னு சாமி என்று அழைத்தாள்.

இத்தனை காலம் நின்ற இடத்தில் நின்றவன், ஊரே கூப்பிடுகிறது என்று முதல்முறையாக ஒரு காலைத் தூக்கினான். பூட்ஸின் ஓரத்தில் காரை கொஞ்சம் உதிர்ந்தது. காக்கை தலையைச் சாய்த்து அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் இறக்கையைக் கோத ஆரம்பித்தது.