படத்தில் ஓடிய ஆறு

நம்வேரா ஊரில் டோரிக்கா முஹியேயின் ஆறு ஓடாத சுவர் இல்லை. வங்கியில் ஓடியது, மாவட்ட மன்ற அலுவலகத்தில் ஓடியது, பல் பிடுங்கும் டாக்டரின் பெஞ்சுக்கு மேலேயும் ஓடியது. பின்னால் நீல மலை, இடுப்பளவுத் தண்ணீரில் குளிக்கும் பெண்கள், கரையில் மசூக்குப் பழ மரங்கள். ஊரின் பெயர்தான் ஆற்றுக்கும். ஆனால் பிளான்டயர் நகரத்திலிருந்து வருகிறவர்கள்கூட 'டோரிக்கா ஆறு' என்றே சொன்னார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு எழுத்து எழுதும் வேலையில் சேர்ந்தவள் அவள். உடைந்த பெட்டிப் பலகை ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மலையை வரைந்துவைத்தாள். அதைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுவாரம் அவர் மைத்துனர் ஒன்று கேட்டார். அதற்கப்புறம் அவள் பெட்டிக்கு எழுத்து எழுதவில்லை. முப்பது வருஷம் ஆறும் மலையும்தான். அந்தக் காசில் கட்டிய வீடு, அதில் இழுத்த குழாய்த் தண்ணீர். கடைசி ஒன்பது வருஷமாக முழங்கால் வலியால் அவள் சரிவிறங்கி ஆற்றுக்குப் போகவே இல்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணை மூடினால் ஆறு வந்தது, கை வரைந்தது.

மலைச்சரிவில் புதிதாக எழும்பிய ஓட்டலின் மேனேஜர் கபுதுலா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க ஆறு வேண்டும். பன்னிரண்டு அடி நீளம்.

"வழக்கமா வரையறதுதாம்மா. கொஞ்சம் பெருசா, அவ்ளோதான்," என்றார்.

அவ்வளவுதான் இல்லை. துணியை இழுத்துக் கட்டி முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, பன்னிரண்டு அடியை நிரப்ப அவளிடம் ஆறு போதவில்லை. பாலத்துக்குக் கீழே எத்தனை பாறை? நாணல் எந்தக் கரையில்? கண்ணை மூடிப் பார்த்தாள். பழைய படங்கள்தான் வந்தன, ஆறு வரவில்லை. மறுநாள் காலை கோலை ஊன்றிக்கொண்டு, முக்காலியும் வரையும் அட்டையுமாகச் சரிவில் இறங்கினாள்.

ஆறு கண்ணில் படுவதற்கு முன் நாற்றம் வந்தது. நாய் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். நாய் எதுவும் இல்லை. நாணல் புதரில் குழந்தைகளுக்குக் கட்டிய மலத்துணிகள் தண்ணீர் குடித்து உப்பி, வரிசையாகச் சிக்கிக் கிடந்தன. மேலே வளைவில் இருந்த கசாப்புக் கொட்டிலிலிருந்து சிவப்பு ஒரு நூலாக இறங்கி, நடுவில் பரவி, கரையோரம் தவிட்டு நிறத்தில் உறைந்திருந்தது. பாறையில் மாட்டுக்குடல் ஒன்று வழுக்கிக்கொண்டு தொங்கியது. வெள்ளைக்கழுத்துக் காக்கைகள் இரண்டு அதை ஆளுக்கொரு முனையாக இழுத்தன. அவற்றின் கால்களுக்குக் கீழே சோப்பு நுரைபோல் ஏதோ புடைத்து நின்றது, ஆனால் மஞ்சளாக. டோரிக்கா கோலைப் பிடித்தபடியே குனிந்து காலையில் குடித்த கஞ்சியைக் கக்கினாள்.

"என்னக்கா, ஆத்துக்காரியே ஆத்தப் பாத்து வாந்தி எடுத்தா எப்படி?"

ஃபலேசி. தெருவில் தக்காளி கொண்டுவந்து விற்கிறவள். கீழே பாறையில் குந்தியிருந்தாள். இடுப்பில் சுற்றிய சித்தேன்ஜே துணியைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் ஒரு தக்காளி. தண்ணீரில் முக்கி, துடைத்து, பளபளக்க வைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று டோரிக்கா அவளிடம் ஏழு பழம் வாங்கி, இரண்டை அப்படியே கடித்துத் தின்றிருந்தாள்.

"அடி பாவி, இதுலயா கழுவுற?"

"வேற எதுல? உங்க படத்துல நல்லாத்தான் தண்ணி ஓடுது. அதுக்கு எந்தப் பக்கம் இறங்கணும்னு சொல்லுங்க, கூடையத் தூக்கிட்டு அங்கயே வந்துடறேன்."

டோரிக்கா அவள் கையைப் பார்த்தாள். ஃபலேசியின் முழங்கையிலிருந்து விரல் வரை சிரங்கு.

"சும்மா இருக்கோம்னு நெனைக்காதீங்க. போன மழைக்கு முன்னாடி பதினாலு பொம்பளைங்க மன்றத்துக்கு மனு எடுத்துட்டுப் போனோம். அந்த ஆபீசர் எங்கள உக்காரக்கூடச் சொல்லல. சுவத்துல மாட்டியிருந்த உங்க படத்தக் கையக் காட்டினான். 'ஆறு நல்லாத்தானே இருக்கு? ஊரே மெச்சுது, உங்களுக்கு மட்டும் என்ன நாத்தம்?'ங்கறான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டுத்தான் வந்தேன், என்ன பண்றது?"

டோரிக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். ஆற்றின் மேல் வந்த குமட்டல் அப்படியே திரும்பித் தன்மேல் பாய்வதை உணர்ந்தாள். இந்த ஒன்பது வருஷமாக அவள் வரைந்தது மூடி. நாறுகிற பானைக்கு அழகான மூடி.

அன்றிலிருந்து மூன்று வாரம் தினமும் இறங்கினாள். எலுமிச்சை இலையைக் கசக்கி, மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டாள். கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். குடலின் வெளிறிய ஊதாவை மட்டும் நான்கு முறை கலந்தாள். ஓட்டலின் சொந்தக் குழாய் ஒன்று சரிவில் இறங்கி, கொழுப்பும் சோறுமாக ஆற்றில் கக்குவதையும் கண்டுபிடித்து வரைந்தாள். வீட்டுக்குப் போய்ப் பெரிய துணியில் ஏற்றினாள். அந்த நாட்களில் அவளுக்குச் சோளக்களி தொண்டையில் இறங்கவில்லை. கருவாட்டு வாசமே ஆகவில்லை.

படம் கூடத்தில் ஏறிய அன்று கபுதுலா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். டோரிக்கா அவர் முகம் கோணுவதற்காகக் காத்திருந்தாள்.

"அம்மா! இந்தச் சிவப்பு இருக்கே... சூரியன் சாயுற நேரம் தண்ணில விழுதே, அதே சிவப்பு. இங்க பாருங்க, அல்லிப்பூ! எவ்ளோ வெள்ளையா மிதக்குது!"

"அது பூ இல்லங்க."

"உங்களுக்கு எப்பவும் தன்னடக்கம்."

அவள் அவர் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அது அழகாக இருந்தது. இத்தனை வருஷம் இனிப்பாகவே வரைந்த மணிக்கட்டு மலத்துணியையும் பூவாக்கியிருந்தது, ரத்தத்தையும் அந்தியாக்கியிருந்தது. தன் வலக்கையை வெட்டி அதே ஆற்றில் எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

திறப்பு விழாவன்று மதிய விருந்து. அறுபது பேர். சாம்போ மீன் பொரியல், சோறு, வட்டவட்டமாக நறுக்கிய தக்காளி. மன்றத் தலைவர் வாய் நிறைய மென்றுகொண்டே, நம்வேராவின் பெருமை டோரிக்கா அம்மாதான் என்றும், அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் சொன்னார். கை தட்டினார்கள்.

டோரிக்கா எழுந்து சுவரிடம் போனாள். பேச்சு தயாரித்து வரவில்லை. கோலைத் தூக்கிப் படத்தைத் தொட்டாள்.

"இது மாட்டுக்குடல். இது குழந்தைங்க மலம். இந்தச் சிவப்பு கசாப்புக் கொட்டில்லேர்ந்து வர்ற ரத்தம். இது இந்த ஓட்டல் குழாய். போன வாரம் நான் எண்ணினேன், ஒருநாள்ல பன்னெண்டு தடவ கக்குச்சு." கோல் பாறைக்கு நகர்ந்தது. "உங்க தட்டுல இருக்கற தக்காளி இந்தக் கல்லுலதான் கழுவினது. சாப்பிடுங்க."

முன்வரிசையில் ஒரு பெண்மணி கைத்துணியில் துப்பினாள். தலைவர் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், உமிழவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழித்தார். "அம்மா எப்பவும் தமாஷ்," என்று கபுதுலா சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. டோரிக்கா வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாள். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் ஃபலேசி வாசலில் வந்து நின்றாள். தலையில் கூடை இல்லை.

"திருப்தியாக்கா? காலைல லாரி வந்துச்சு. மன்றத்து ஆளுங்க எங்க கூடையெல்லாம் பிடுங்கி, தக்காளியக் கொட்டி மிதிச்சாங்க. சுகாதாரமாம். ஓட்டல்ல இனி எங்ககிட்ட வாங்க மாட்டாங்களாம். கொட்டில்ல இன்னிக்கும் மாடு வெட்டுறாங்க, குழாய் இன்னிக்கும் கக்குது. அழுக்காக்கினவன விட்டுட்டுக் கழுவினவளப் புடிச்சிருக்காங்க. அந்தக் கல்லக் காட்டாம இருந்திருக்கலாம்ல?"

"நான் அப்படி நெனைக்கலடி."

"நெனைக்கல. அறுபது பேர் முன்னாடி நாக்கு நல்லா ஓடுச்சு, நெனைப்பு ஓடல."

டோரிக்கா படியில் உட்கார்ந்தாள். தூக்கிப் போட்ட கல் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.  பிறகு அவள் எழுந்துபோய் வேலிக் கதவின் பூட்டைத் திறந்து, சாவியை ஃபலேசியிடம் நீட்டினாள்.

"அந்தப் பதினாலு பேரையும் வரச் சொல்லு. குழாய் இங்க இருக்கு. கழுவி எடுத்துட்டுப் போங்க. யாராவது கேட்டா எங்க கழுவினோம்னு கூட்டிட்டு வந்து காட்டுங்க."

ஃபலேசி சாவியை உடனே வாங்கவில்லை. "நாளைக்கு வாசல்லாம் சேறாகும். அப்ப மூஞ்சியச் சுளிக்கக்கூடாது."

"சுளிப்பேன். நீ வா."

வந்தார்கள். விடிந்தால் பதினான்கு கூடைகள், நசுங்கிய பழம், ஈ, புளித்த நாற்றம், சண்டை. டோரிக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே வாளி எடுத்துக் கொடுத்தாள். ஓட்டல் தவிரச் சந்தையில் எல்லாரும் மறுபடி வாங்கினார்கள். கொட்டில் மேல் போட்ட மனுவில் இந்த முறை அவள் கையெழுத்து முதலில் இருந்தது. அதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவது மனுவுக்கும் வரவில்லை. பெரிய படத்தைப் பிளான்டயரிலிருந்து வந்த யாரோ வியந்து வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டாள். தரையில் எச்சில் துப்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் புதுப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் குடையோடு வந்தார். அரங்கத்துக்கு ஒரு ஆறு வேண்டுமாம், பழைய மாதிரியே. டோரிக்கா மூன்றாவது மனுவை அவர் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள். அவர் படித்தார், தொண்டையைச் செருமினார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பின்கட்டில் யாரோ வாளி கேட்டுக் கத்தினார்கள். அவள் போனாள்.