சூப்பர் கம்ப்யூட்டர் உரிமையாளர்

தாமரை பேப்பரை நான்காக மடித்து, அப்பாவின் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டினாள். மடிப்பில் மேலே தெரிந்ததும் அப்பாதான். கட்டம் கட்டி, பத்து வருடத்துக்கு முந்திய படம் போட்டு, 'கன்னையா காலமானார்' என்று அச்சடித்து, அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'சூப்பர் கம்ப்யூட்டர், பிரிக்பீல்ட்ஸ், உரிமையாளர்.'

கன்னையாவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் கடை இல்லை. எந்த ஊரிலும் இல்லை. அறிவிப்புக் கொடுத்தவர் அவருடைய தம்பி பரமேஸ்வரன். விசாரித்துவிட்டுப் பேசும் வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

"என்ன சித்தப்பா இது, கடைன்னு போட்டிருக்கு?"

"நீதானமா சொன்ன, ஸ்கூல் படிக்கிறப்ப. கிள்ளான் பூரா தெரியும்லா."

சொன்னது உண்மைதான். ஐந்தாம் படிவத்தில் கூடப்படித்தவள் ஒருத்தி, உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். சூப்பர் கம்ப்யூட்டர் என்றாள் தாமரை. அதைக் கடையின் பெயர் என்று நினைத்து, கடை எங்கே, பிரிக்பீல்ட்ஸிலா என்று அந்தப் பெண்ணே அடுத்ததையும் கேட்டாள். தாமரை தலையாட்டி வைத்தாள்.

நிஜத்தைச் சொல்லியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஈயம் பற்ற வைக்கிறவராகச் சேர்ந்து, மின்பலகைகளைச் சோதிக்கிற சூப்பர்வைசராக ஆனவர் கன்னையா. தொண்ணூற்றேழில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துப் பௌதிக வாத்தியார்களுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டும் ஆசை வந்தது. கடையில் கிடைக்கிறது அவர்கள் கணக்குக்குப் போதாதாம், போதுகிறதை வாங்க வக்கில்லையாம். பாட்டையும் பேச்சையும் கையாளுகிற மலிவுச் சில்லுகளைப் பத்தாயிரத்துக்கு மேல் வாங்கிக் கோத்து, தாங்களே ஒன்று செய்துகொண்டார்கள். எதற்கு? அணுவுக்குள் இருக்கிற புரோட்டானுக்கு ஏன் அந்த எடை என்று கண்டுபிடிக்க. பலகைகள் செய்யும் வேலை ஷா ஆலமுக்கு வந்தது. செய்து முடித்த பலகைகளோடு கன்னையாவும் கப்பலேறாத குறையாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதம் என்று போனவர் ஒன்றரை வருடம் இருந்தார்.

"அந்தச் சில்லு ஒவ்வொண்ணும் அக்கம்பக்கத்துல இருக்கிற எட்டுப் பேரோட மட்டும்தாம்மா பேசும்" என்று போனில் பூரித்துப்போவார். வீட்டில் இருந்த இரண்டு பேரோடு அவர் பேசியது வாரத்துக்கு ஐந்து நிமிடம்.

அந்த ஒன்றரை வருடத்துக்குள்தான் அம்மா போனாள். காலையில் தலைவலி என்றாள், சாயங்காலம் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கன்னையா ஒன்பதாம் நாள் வந்தார். கையில் சாக்லேட்டும் கெட்டுப்போன பலகை ஒன்றும் இருந்தன. ஒரு பலகை பக்கத்துப் பலகையோடு பேச மறுத்துவிட்டதாம், அதைக் கழற்றி வேறொன்று மாட்டாமல் கிளம்ப மனம் வரவில்லையாம். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவர் சித்தப்பா.

ஆறே வருடத்தில் அந்த எந்திரம் பேரீச்சம்பழத்துக்குப் போனது. வாத்தியார்கள் அலுக்காமல் அடுத்ததைக் கட்டப் போய்விட்டார்கள்.

"கடைசியில எவ்வளவு எடையாம்?" என்று தாமரை ஒருநாள் கேட்டாள்.

"ஏற்கெனவே தெரிஞ்ச எடைதாம்மா. கிட்டத்தட்ட சரியா வந்திச்சு."

"தெரிஞ்ச எடைய நிறுக்கவா ஒன்றரை வருஷம்?"

"நிறுக்கிறது வேற. ஏன் அவ்வளவு எடைன்னு தெரிஞ்சிக்கிறது வேற."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொண்டுவந்த பலகை, துணி துவைக்கும் எந்திரம் ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கு அண்டக் கொடுக்கப் பயன்பட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வணிகர் சங்கம் ஒன்றிலிருந்து 'சக வணிகருக்கு' என்று எழுதிய மலர்வளையம் வந்து இறங்கியது. சித்தப்பா அதை வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"தாமரை, தனேஷ்தான் காரியம் செய்வான். பொம்பளப் புள்ள கொள்ளி வைக்கிறது நம்ம வழக்கத்துல இல்லமா."

"நான் கேக்கவே இல்லையே சித்தப்பா."

தனேஷ் அவருடைய மகன், அடுக்குமாடிக் காண்டோ வீடுகள் விற்கிறவன். தலையை நிமிர்த்தாமல் போனில் யாருக்கோ விற்கிற வீட்டின் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். செய்யட்டும் என்று இருந்தது தாமரைக்கு. மனைவிக்கு வராத மனிதருக்கு மகள் எதற்கு?

பதினொரு மணிக்கு டெங்கிலிலிருந்து திருச்செல்வம் வந்தார். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் இருந்தவர். மாலையை வைத்துவிட்டு, அப்பாவின் வலது கையை லேசாகத் திருப்பிப் பார்த்தார்.

"கட்டை வெரலப் பாத்தியாமா? தட்டையா போச்சு. டெஸ்ட் பட்டன அமுக்கி அமுக்கித்தான். நாங்கெல்லாம் பாதியிலயே எடுத்துட்டு ஓகேன்னு எழுதிருவோம். இவன் பச்ச லைட் வர்ற வரைக்கும் வெரல எடுக்க மாட்டான். இவனால எங்களுக்குச் சாப்பாட்டு நேரமே போயிரும்." கையைப் பழையபடி வைத்தார். "பேப்பர்ல கடைன்னு போட்டிருக்கே, அது எந்தக் கடைமா?"

தாமரை பதில் சொல்வதற்குள் சித்தப்பா கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"எங்கண்ணன் பிரிக்பீல்ட்ஸ்ல கடை வச்சி எத்தன பேருக்கு வழி காட்டினாரு தெரியுமா..."

தலைகள் ஆடின. பின்வரிசையிலிருந்த ஓர் ஆன்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க பிரிண்டர்கூட அங்கதான் வாங்கினது. மலிவாத்தான் குடுத்தாரு" என்றாள்.

திருச்செல்வம் தாமரையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இருபத்தேழு வருடம் அவள் அப்பாவை இளக்காரமாகப் பார்த்திருக்கிறாள். அது அவள் பாடுபட்டுச் சேர்த்தது. இப்போது கூடத்தில் கிடப்பவரோ எந்தக் குற்றமும் செய்யாத, மலிவாகப் பிரிண்டர் கொடுத்த ஒரு கடைக்காரர். இவரை எப்படித் திட்டுவது? திட்டுவதற்காவது சரியான ஆள் வேண்டாமா?

மின்சுடலையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் பெயர் லோகன். சித்தப்பா நிரப்பிக் கொடுத்த படிவத்தை விரலால் தொட்டுத் தொட்டு உரக்க வாசித்தான்.

"பேரு கன்னையா. வயசு எழுபத்தாறு. வேலை, கம்ப்யூட்டர் கடை முதலாளி. சரிதானே? கொள்ளிக்குப் பட்டன் அமுக்கப்போறது யாரு?"

தனேஷ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நில்லு தனேஷ்" என்றாள் தாமரை. "அண்ணே, கடை இல்ல. அத வெட்டிருங்க."

"தாமரை, இப்ப எதுக்குமா அது" என்றார் சித்தப்பா.

"கடையே கெடையாது சித்தப்பா. நான் பொய் சொன்னேன்."

லோகன் பேனாவை எடுத்தான். "அப்ப என்ன வேலன்னு போட?"

புரோட்டானின் எடை, அக்கம்பக்கத்து எட்டுப் பேர், வாத்தியார்கள் கட்டிய எந்திரம். சுடலையில் நின்று இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

"பத்த வைக்கிறவரு" என்றாள்.

"ஓ, வெல்டரா?"

தனேஷ் சிரிப்பை அடக்கினான்.

"வெல்டர்னே போடுங்க. பட்டன் நான்தான்."

"நம்ம வழக்கத்துல..." என்று சித்தப்பா தொடங்கினார். அவள் அதற்குள் நடந்துவிட்டாள்.

பெட்டி உள்ளே போய், இரும்புக் கதவு இறங்கியது. சுவரில் ஒரு பட்டனும் அதற்கு மேல் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன.

"எவ்வளவு நேரம் அமுக்கணும்?"

"பச்ச வர்ற வரைக்கும்கா. பாதியில எடுத்தா மறுபடி மொதல்லேர்ந்து அமுக்கணும்."

தாமரை கட்டை விரலை வைத்து அமுக்கினாள். கதவுக்குப் பின்னால் ஏதோ உறுமத் தொடங்கியது. சித்தப்பா செருமினார். யாரோ ஒருவர் கார் பார்க்கிங்கைப் பற்றிக் கேட்டார். பச்சை வந்தது.

"ஆச்சுக்கா. எடுத்துருங்க" என்றான் லோகன்.

கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டாம் முறையும் சொன்னான். பட்டன் மேலேயே இருந்த அவளுடைய கட்டை விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.